புராஸ்டேட் ஆபரேஷனும் ஆண்கள் சொல்லாத கணக்கும்

பி.காம் படிக்கிறவனுக்கு புராஸ்டேட்டில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள், தெரியும். தணிக்கை பாடத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம் ஒன்று உண்டு: கணக்கு எழுதுகிற ஆளே அதைச் சரிபார்க்கக் கூடாது. கம்பெனிகளுக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவத்தின் வரலாற்றிலும் இதே விதிக்காக ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது என்பதைப் படித்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது.

சில இடங்களில் விஷயத்தைப் பச்சையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் இப்போதே வேறு பதிவுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவு. மூத்திரப்பைக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது, சிறுநீர்க் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. விந்துவில் கலக்கும் திரவத்தில் ஒரு பகுதியைத் தருவது இதன் வேலை. வயதாக ஆக இது வீங்கும், குழாயை நெரிக்கும். சிலருக்குப் புற்றுநோய் வரும். இரண்டுக்கும் ஆபரேஷன் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு. வெறும் வீக்கம் என்றால் ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுவிட்டு சுளையை மட்டும் எடுப்பது மாதிரி உள்சதையை எடுத்தால் போதும். புற்றுநோய் என்றால் தோலோடு முழுச் சுரப்பியையும், கூடவே விந்துப் பைகளையும் எடுத்துவிட்டு, மூத்திரப்பையைக் குழாயோடு மறுபடி தைக்க வேண்டும்.

முதல் வகையைப் பிரபலமாக்கியவர் பீட்டர் ஃபிரேயர் என்ற அயர்லாந்துக்காரர். 1900-இல் லண்டன் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் அடிவயிற்றைத் திறந்து, மூத்திரப்பை வழியாக விரலாலேயே சுரப்பியின் உள்சதையைத் தோண்டி எடுத்தார். அதற்கு முன் அவர் இந்தியாவில் இருபது வருஷம் அரசாங்க டாக்டராக இருந்தவர். ராம்பூர் நவாபுக்கு மூத்திரப்பைக் கல்லை எடுத்ததற்கு ஒரு லட்சம் ரூபாய் கட்டணம் வாங்கினாராம்! அந்தக் காலத்து ஒரு லட்சம். அரசு சம்பளம் வாங்கும் டாக்டர் இப்படி சமஸ்தானங்களில் தனியாக வாங்கலாமா என்று அரசுக்கும் அவருக்கும் பெரிய தகராறே நடந்தது. இந்த ஆபரேஷனை முதலில் செய்தது நான்தான் என்று அவர் சொன்னதையும் நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லர் ஒப்புக்கொள்ளவில்லை, 1890-களிலேயே நான் செய்துவிட்டேன் என்றார். சரி, அது தனிக் கதை.

இந்த வகையில் விறைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் விந்து வெளியே வராது, பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போய்விடும். அதனால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, பிறகு சிறுநீரோடு வெளியேறிவிடும். இதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிட்டால் பயம் இல்லை. சொல்லாமல் விட்டால் அந்த மனிதர் முதல் முறை என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வகை, அதாவது புற்றுநோய்க்கு முழுச் சுரப்பியையும் எடுப்பது, 1904-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹ்யூ ஹாம்ப்டன் யங் செய்ததிலிருந்து தொடங்குகிறது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கீறி உள்ளே போனார். 1940-களில் டெரன்ஸ் மில்லின் (இவரும் அயர்லாந்துக்காரர்தான், அந்த நாட்டுக்கும் புராஸ்டேட்டுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் போல) அடிவயிறு வழியாக இடுப்பெலும்புக்குப் பின்னால் போகும் பாதையைக் காட்டினார். பாதைகள் மாறின, விளைவு மாறவில்லை. பிழைத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் விறைப்பு போய்விட்டது. பலருக்குச் சிறுநீர் கசிந்தது. ரத்தப்போக்கு வேறு பயங்கரம். உயிரா, அதுவா என்று கேட்டால் உயிர்தான் என்று டாக்டர்களும் நோயாளிகளும் வாயை மூடிக்கொண்டார்கள். சுமார் எழுபத்தைந்து வருஷம் இப்படியே போயிற்று.

ஏன் போகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டுக்குள்ளேயே ஓடுகின்றன, சுரப்பியை எடுத்தால் அவையும் சேர்ந்து போகும், வேறு வழியில்லை என்று நம்பினார்கள்.

1974-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிறுநீரகவியல் துறைத் தலைவராக வந்த பேட்ரிக் வால்ஷ் முதலில் கவலைப்பட்டது ரத்தத்தைப் பற்றித்தான். எந்த ரத்தநாளம் எங்கே ஓடுகிறது என்று பொறுமையாகப் பார்த்து, அதைக் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். ரத்தம் நின்றதும் அறுக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அப்போது 58 வயது நோயாளி ஒருவர் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் வந்து, எனக்கு எல்லாம் பழையபடி இருக்கிறது என்றார். நரம்பு சுரப்பிக்குள்ளே ஓடுவது உண்மையானால் இப்படி ஒருவர்கூட இருக்க முடியாது. ஒரே ஒரு விதிவிலக்கு, மொத்தக் கொள்கையையும் ஆட்டிவிட்டது.

விடை கிடைத்த இடம் நெதர்லாந்தின் லைடன் நகரம். 1981 பிப்ரவரியில் ஒரு கருத்தரங்குக்காக அங்கே போன வால்ஷ், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரைச் சந்தித்தார். டோங்கர் இறந்து பிறந்த ஒரு ஆண் குழந்தையின் உடலில் மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விறைப்பு நரம்புகள் எங்கே என்று வால்ஷ் கேட்க, அதை நான் பார்த்ததில்லை, வாருங்கள் தேடலாம் என்றார் டோங்கர். சில மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. நரம்புகள் புராஸ்டேட்டுக்குள் இல்லை. அதன் வெளிப்பக்கம், பின்புற ஓரங்களில், கடிகாரத்தில் 5 மணி, 7 மணி இருக்கும் இடங்களில், ஒட்டினாற்போல் ஓடுகின்றன.

ஏன் இத்தனை காலம் யாரும் பார்க்கவில்லை? வயதான உடலில் அந்த நரம்பு மெல்லிசு, கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். பதப்படுத்திய உடலில் எல்லா உறுப்பும் நசுங்கி ஒரே அடையாகிவிடும். பிறந்த குழந்தையின் உடலில் கொழுப்பு குறைவு, நரம்பு ஒப்பீட்டளவில் தடிமன். பார்க்க வேண்டிய உடலில் பார்த்தால்தான் தெரியும். இதைவிட எளிமையான காரணம் இருக்க முடியாது. ஆனால் இந்த எளிமைக்காக எத்தனை ஆயிரம் குடும்பங்கள் காத்திருந்தன!

1982 ஏப்ரல் 26 அன்று வால்ஷ் 52 வயது பேராசிரியர் ஒருவருக்கு, நரம்புகளைத் திட்டமிட்டு ஒதுக்கி வைத்துச் செய்த முதல் ஆபரேஷனைச் செய்தார். அவருக்கு ஒரு வருஷத்துக்குள் விறைப்பு திரும்பியது. வால்ஷும் டோங்கரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதே வருஷம் வந்தது.

இங்கேதான் என் தணிக்கை பாடம் வருகிறது.

1991-இல் வால்ஷ் குழு வெளியிட்ட கணக்குப்படி, முன்பு விறைப்பு நன்றாக இருந்த 503 பேரில் 68 சதவீதம் பேருக்கு அது திரும்பியிருந்தது. அமெரிக்கா முழுக்க இந்த ஆபரேஷன் சூடு பிடித்தது. அதே சமயம் பி.எஸ்.ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் பரவியதால் புற்றுநோய் முன்பே கண்டுபிடிக்கப்பட்டது, ஆபரேஷன்கள் மேலும் ஏறின. 1993-இல் ஃபவுலர் என்ற ஆய்வாளர் தலைமையிலான குழு வேறு விதமாகக் கேட்டது. டாக்டரை விட்டுவிட்டு, அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்களுக்கே நேரடியாகக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். சுமார் 60 சதவீதம் பேர் ஆபரேஷனுக்குப் பிறகு விறைப்பே வரவில்லை என்றார்கள். 30 சதவீதத்துக்கு மேல் கசிவுக்காகப் பட்டை வைத்துக்கொள்கிறோம் அல்லது கவ்வி மாட்டிக்கொள்கிறோம் என்றார்கள். கேட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தில் உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது 11 சதவீதம் பேருக்குத்தான்.

68 எங்கே, 11 எங்கே! இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வால்ஷின் நோயாளிகள் இளையவர்கள், அறுத்தவர் உலகத்திலேயே அதில் கைதேர்ந்தவர். ஃபவுலர் கேட்டவர்கள் 65 தாண்டியவர்கள், நாடெங்கும் பல கைகளில் அறுபட்டவர்கள். ஆனாலும் இன்னொரு காரணம் இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தன் உயிரைக் காப்பாற்றிய டாக்டர் எதிரே உட்கார்ந்து, எப்படி இருக்கீங்க என்று கேட்டால், பரவாயில்லைங்க டாக்டர் என்றுதான் யாரும் சொல்வார்கள். தபாலில் வந்த தாளிடம் அந்த நன்றிக்கடன் இல்லை.

2000-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு 1,291 பேரைத் தொடர்ந்து கேட்டது. பதினெட்டு மாதமும் அதற்கு மேலும் ஆன பிறகு 59.9 சதவீதம் பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இல்லை. இருபுறமும் நரம்பைக் காப்பாற்றியதாக எழுதப்பட்டவர்களிலேயே 56 சதவீதம். காப்பாற்றாதவர்களில் 65.6. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொன்ன அளவு இல்லை. வால்ஷைப் பாராட்ட வேண்டிய இடமும் இதுதான். அதே 2000-இல் தன் நோயாளிகள் 64 பேரிடம் மூன்றாம் ஆள் மூலம் கேள்வித்தாள் கொடுத்து எண்ண வைத்தார். 86 சதவீதம் என்று வந்தது. வெளித் தணிக்கைக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்த முதலாளி மாதிரி. அந்தக் கை அப்படிப்பட்ட கைதான், மற்றவர்கள் அந்தக் கையின் எண்ணைத் தங்கள் எண்ணாகச் சொன்னதுதான் தவறு.

இப்போது சமாளிப்புப் பக்கம் வருவோம். நரம்பு தப்பினாலும் ஆபரேஷனில் இழுபட்டு அசந்துபோய்க் கிடக்கும். விழித்துக்கொள்ள ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும். அதுவரை என்ன செய்வது?

இதற்கான கருவிகளின் கதை சுவாரசியமானது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கெடிங்ஸ் ஆஸ்பன் டயர் தொழில் செய்தவர். 1960-களில் தனக்கே இந்தப் பிரச்சினை வந்தபோது, காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுத்து, அடியில் ஒரு வளையத்தைப் போட்டுத் தக்கவைக்கும் பம்பு ஒன்றைச் செய்துகொண்டார். அரசு அனுமதி கிடைத்தது 1982-இல். 1973-இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழு உள்ளே பொருத்தி, விதைப்பையில் இருக்கும் சின்ன பம்பை அழுத்தினால் நிரம்பும் செயற்கை உறுப்பை அறிமுகம் செய்தது. 1982-இல் பாரிஸில் ரொனால்ட் விராக், பாப்பாவெரின் என்ற மருந்தை ஊசியில் போட்டால் விறைப்பு வருகிறது என்று எழுதினார்.

அடுத்த வருஷம் நடந்ததை மருத்துவ மாணவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1983, லாஸ் வேகாஸ், அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கக் கூட்டம். பிரிட்டனின் உடலியல் அறிஞர் கைல்ஸ் பிரிண்ட்லி மாலை நேர உரைக்கு டிராக் சூட்டில் வந்தார். எதிரே சுமார் 80 பேர், பலர் விருந்துக்குப் போகும் உடையில், மனைவிகளோடு. தன் உறுப்பில் தானே ஊசி போட்டுப் பார்த்த பரிசோதனைகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். படத்தை மட்டும் பார்த்தால் காமத்தால் வந்ததா மருந்தால் வந்ததா என்று நீங்கள் சந்தேகிக்கலாம் என்று சொல்லி, அறைக்கு வருமுன்பே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்து, டிராக் சூட்டை இறக்கிவிட்டார். அதோடு நிற்கவில்லை, அருகே வந்து சோதித்துப் பார்க்கலாம் என்று பார்வையாளர்கள் நடுவே இறங்கினார். முன்வரிசைப் பெண்கள் கையை உயர்த்தி அலறியிருக்கிறார்கள். அங்கே இருந்த லாரன்ஸ் க்ளாட்ஸ் என்ற டாக்டர் 2005-இல் இதை எழுதி வைத்தார். நாகரிகம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். ஆனால் ஆண்மைக்குறைவு என்றால் எல்லாம் மனப் பிரச்சினைதான் என்று மனநல டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ரத்தநாளத் தசை தளர்ந்தால் போதும், மனசுக்கு இதில் வேலையே இல்லை என்று ஒரே மாலையில் நிரூபித்துவிட்டார் மனிதர்.

1998 மார்ச்சில் வயாகரா வந்தது. இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் நெஞ்சுவலிக்காக ஆராய்ந்த மருந்து. பலர் நினைப்பது போல அது விறைப்பை உண்டாக்குவதில்லை. நரம்பு முனை நைட்ரிக் ஆக்சைடை விட்டால் தொடங்கும் வேலையை நீட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். நரம்பு அறுபட்டவருக்கு மாத்திரை அநேகமாக உதவாது, ஊசி உதவும், ஏனென்றால் ஊசி நரம்பைக் கேட்பதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்துகொள்ளாமல் மாத்திரை போட்டு, பலன் இல்லை என்று தன்னையே நொந்துகொண்ட ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டிகளில் இருக்கும் லேகியம் எந்த நரம்பைக் கேட்கிறது என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

வலியைப் பற்றி வரலாறு குறைவாகவே பேசுகிறது. ஆபரேஷன் முடிந்தவுடன் பலர் சொல்வது வெட்டிய இடத்து வலியை அல்ல, குழாய் வலியை. 1930-களில் பிரெடரிக் ஃபோலி உருவாக்கிய, நுனியில் பலூன் வைத்த குழாய்தான் இன்றும் போடுகிறார்கள். அந்த பலூனை வேண்டாத பொருளாக எடுத்துக்கொண்டு மூத்திரப்பை சுருங்கி இறுக்கும், அது சுளீர் என்று வரும். அப்புறம் சிலருக்கு முதல் மாதங்களில் உச்சத்தின்போது வலி வரும். வேறு சிலருக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் சிறுநீர் கசியும். விந்து வராவிட்டாலும் உச்ச உணர்வு இருக்கும், ஏனென்றால் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. ஊசி மருந்திலும் வலி உண்டு, 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்ப்ரோஸ்டாடில் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கூடுதலாகவே குடைச்சல் கொடுக்கும். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வலிக்கும் மாத்திரை உண்டு. உறவுக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போனாலே பாதி கசிவு குறையும். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, ஆனால் வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

செலவே இல்லாத மருத்துவம் பெண்களிடமிருந்து வந்தது. பிரசவத்துக்குப் பின் கசிவு உள்ள பெண்களுக்காக ஆர்னால்ட் கேகல் 1948-இல் எழுதிய இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல இறுக்கி விடுவது. பெல்ஜியத்தின் லூவனில் 102 ஆண்களிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் பயிற்சி செய்தவர்களில் 88 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் கசிவிலிருந்து விடுபட்டிருந்தார்கள். செய்யாதவர்களில் 56.

ஆண்கள் வாயைத் திறந்ததும் தாமதமாகத்தான். போர் வரலாறு எழுதிப் புகழ்பெற்ற கார்னீலியஸ் ரயன் 1974-இல் இந்தப் புற்றுநோயால் இறந்தார். அவர் ரகசியமாக ஒலிநாடாவில் பேசி வைத்திருந்தது, மனைவியின் முயற்சியால் 1979-இல்தான் புத்தகமானது. 1991-இல் ஆபரேஷன் செய்துகொண்ட செனட்டர் பாப் டோல், 1999-இல் தொலைக்காட்சியில் வந்து விறைப்புக் குறைபாட்டைப் பற்றிப் பேசினார். மருந்துக் கம்பெனி விளம்பரம்தான், கேலியும் செய்தார்கள். ஆனால் ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஒருவரே பேசிவிட்டார் என்பது பல வீடுகளில் கதவைத் திறந்தது.

2000-க்குப் பிறகு ரோபோ வந்தது. அதை அமெரிக்காவில் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டெட்ராய்ட்டின் மணி மேனன். நம் புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர்! காயம் சின்னது, ரத்தம் குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். விறைப்புக் கணக்கில் மட்டும் ரோபோ பெரிய புரட்சி எதுவும் செய்துவிடவில்லை.

கடைசியாக, நான் படித்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த எண்கள். பிரிட்டனில் 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு மட்டும். தொடங்கும்போது 67 சதவீதம் பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் பிரிவில் அது 12 ஆனது, கண்காணிப்புப் பிரிவில் 52. ஆறு வருஷத்தில் 17-ம் 30-ம். வயது ஏறியதும், கண்காணிப்பில் இருந்தவர்களில் பலர் பிறகு சிகிச்சைக்குப் போனதும் அந்த 52 குறைந்ததற்குக் காரணம். 2023-இல் வந்த பதினைந்து வருஷக் கணக்கில், மூன்று பிரிவிலுமே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. ஆரம்ப நிலையில், உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுநோய்க்குத்தான் இந்தக் கணக்கு, முற்றியதற்கு இது பொருந்தாது. கேள்வித்தாள்களை இதிலும் நோயாளிகளேதான் நிரப்பினார்கள்.

மருத்துவம் படிக்கும் நண்பர்கள் யாராவது வாசித்தால் பின்னூட்டத்தில் உங்கள் அனுபவத்தைச் சேருங்கள். ஃபிரேயரின் அந்த ஒரு லட்ச ரூபாய் தகராறைத் தனியாக எழுத ஆசை இருக்கிறது, தேர்வு முடியட்டும்.